காலிபனின் நகங்கள்

ஏழு நாடகங்களுக்கு ஏழு படங்கள். ஷேக்ஸ்பியரைச் சிறுவர்களுக்காகச் சுருக்கித் தமிழில் சொல்லும் ஒரு புத்தகத்துக்கு நான் வரைந்து கொடுத்தவை அவை. ஆறாவது படம் காலிபன், 'தி டெம்பெஸ்ட்' (புயல்) நாடகத்தில் ஒரு தீவில் அடிமையாக இருப்பவன். பதிப்பகத்திலிருந்து பேசியவர் நல்ல மனிதர், என் வேலையை மதிப்பவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பார்த்ததும் பிள்ளைகள் கொஞ்சம் மிரள வேண்டும்." அப்படியே வரைந்தேன். கோரைப் பற்கள், செதில் படர்ந்த தோள், விரல்களுக்கு நடுவே சவ்வு, கொக்கி போல வளைந்த நகங்கள். தூரிகையை அரைகுறையாக உலரவிட்டுக் கறுப்பு மையில் இழுத்த கோடுகள் நன்றாகவே விழுந்திருந்தன. புத்தகம் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மற்ற ஆறு படங்களை இன்று எடுத்துப் பார்த்தாலும் எனக்குப் பெரிய குறை தெரியாது. காலிபன் பக்கம் வரும்போது மட்டும் விரல் தானாகவே அடுத்த தாளுக்குத் தாவிவிடுகிறது.

சென்ற ஆண்டு அதே புத்தகத்தை வண்ணத்தில் கொண்டுவரப் போவதாகச் சொன்னார்கள். பழைய படத்துக்கு வண்ணம் ஏற்றிக் கொடுத்தால் போதும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வேறு காட்சியை எடுத்துப் புதிதாக வரைந்து தருகிறேன் என்று சொல்லி, மூன்றாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியைத் தேர்ந்தெடுத்தேன். ஆங்கில நாடகம் படித்தவர்கள் மறக்காத இடம் அது. குடிபோதையில் இருக்கும் ஸ்டெஃபனோ, டிரிங்குலோ என்ற இரண்டு பேருடன் சேர்ந்து, தன்னை அடிமையாக்கிய மந்திரவாதி பிராஸ்பெரோவைக் கொல்லத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறான் காலிபன். பிராஸ்பெரோவின் ஏவலுக்குக் கட்டுப்பட்ட, கண்ணுக்குத் தெரியாத ஆவியான ஏரியல் குழலும் பறையுமாக ஒரு மெட்டை இசைக்கிறது. நகரத்திலிருந்து வந்த இருவரும் நடுங்கிப் போகிறார்கள். காலிபன் நடுங்கவில்லை. பயப்படாதீர்கள், இந்தத் தீவு முழுக்க ஒலிகள்தான், இனிமையான இசைதான், யாரையும் அது காயப்படுத்தாது என்று அவர்களைத் தேற்றுகிறான். சில நேரம் ஆயிரம் வாத்தியங்கள் காதருகே முரலும். சில நேரம் குரல்கள் வரும், தூங்கி எழுந்தவனை மறுபடி தூங்க வைக்கும். கனவில் மேகங்கள் திறந்து செல்வம் தன்மேல் கொட்டப் போவது போல இருக்கும். விழித்ததும், அந்தக் கனவே திரும்ப வேண்டும் என்று அழுதேன், என்கிறான்.

இதற்குத்தான் படம். பழைய முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு உடலை மட்டும் திருப்பி உட்கார வைத்துப் பார்த்தேன். மூன்று நாள் பென்சிலும் ரப்பருமாகப் போனது. முகம் கேட்க மறுத்தது. கோரைப் பல் உள்ள வாய் மூடாது, இது வரைபவர்களுக்குத் தெரியும். மேலுதட்டைத் தூக்கிக்கொண்டு பல் வெளியே வந்துவிட்டால் மற்ற எல்லாமே அந்த வாய்க்குக் கட்டுப்பட்டுவிடும். மூக்கு சுருங்கும், கன்னம் மேலேறும், கண் இடுங்கும். எந்நேரமும் உறுமுகிற முகம் அது. தொலைவிலிருந்து பிடித்த பாட்டொன்று கேட்கும்போது பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருப்பவரைக் கவனித்துப் பாருங்கள். உதடு தளரும். தாடை சற்றே இறங்கும். கண் எதையும் பார்க்காமல் ஓரிடத்தில் நிற்கும். தலை ஒரு பக்கம் சாயும். நான் நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் வரைந்து வைத்த வாயால் அந்த வரிகளைப் பேசவும் முடியாது, அந்த இசையைக் கேட்கவும் முடியாது. அப்படியானால் அந்த வாய் எங்கிருந்து வந்தது?

யார் சொன்ன முகம்

நாடகத்தை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு ஓரத்தில் குறித்துக்கொண்டே படித்தேன். காலிபனின் தோற்றத்தைப் பற்றி யார் என்ன சொல்கிறார்கள், எந்த நிலையில் சொல்கிறார்கள் என்று மட்டும். காலிபன் வருவது ஐந்தே காட்சிகளில். 1623-இல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பின் பாத்திரப் பட்டியல் அவனைக் காட்டுத்தனமான, உருக்குலைந்த அடிமை என்கிறது. அதற்குப் பிறகு எல்லாம் வசவுதான். பிராஸ்பெரோ அவனை மண்ணே என்கிறான், ஆமையே என்கிறான், பேய் பெற்ற நஞ்சே என்கிறான். விறகு கொண்டுவரத் தாமதமான ஓர் அடிமையை எஜமான் கூப்பிடும் கூப்பாடு அது. ஆமை என்று திட்டினால் முதுகில் ஓடு இருக்கிறது என்றா பொருள்? நம் ஊரில் எருமை என்று திட்டு வாங்கிய பிள்ளைகளுக்கெல்லாம் கொம்பு வரைய வேண்டியிருக்கும். நான்கு கால், இரண்டு குரல் என்று ஸ்டெஃபனோ அலறுகிறானே, அது காலிபனின் போர்வைக்குள் மழைக்கு ஒதுங்கிய டிரிங்குலோவின் கால்களும் வாயும் சேர்ந்த கணக்கு. அதையும் சொல்பவன் கையில் மதுப் புட்டியோடு வருகிறான்.

முதல் அங்கத்தில் பிராஸ்பெரோ பேசும் ஒரு வாக்கியம் என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது. சூனியக்காரி சிக்கோராக்ஸ் இங்கே ஈன்றுபோட்ட அந்தப் புள்ளி விழுந்த குட்டியைத் தவிர, இந்தத் தீவை மனித உருவம் எதுவும் பெருமைப்படுத்தவில்லை என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் சொற்கள் நிற்கும் வரிசையால், 'மனித உருவம் இல்லாத' என்பது 'குட்டி'யோடு ஒட்டிக்கொண்டு காதில் விழுகிறது. வேகமாகப் படித்தால் காலிபனுக்கு மனித உருவம் இல்லை என்றே தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. இலக்கணத்தைப் பிரித்துப் பார்த்தால் நேர் எதிர்: தீவில் மனித உருவம் அவனைத் தவிர வேறு இல்லை. பிராஸ்பெரோவின் வாயிலிருந்தே வந்த சாட்சியம் இது. பிராஸ்பெரோவின் மகள் மிராண்டா முதல் முறை இளவரசன் ஃபெர்டினாண்டைப் பார்த்ததும், நான் பார்த்த மூன்றாவது ஆண்மகன் இவர், என்கிறாள். முதல் ஆள் அப்பா. இரண்டாவது ஆள் யார்? பின்னொரு காட்சியில் காதலனிடம் பேசும்போது அந்த எண்ணிக்கையிலிருந்து ஒருவனை அவளே கழித்துவிடுகிறாள். அது காதல் பேச்சு. முதல் முறை, யோசிக்காமல் எண்ணியபோது, காலிபனும் எண்ணிக்கையில் இருந்தான்.

குரங்கு விஷயம் இதைவிட வலித்தது. நான்காம் அங்கத்தில் குடிகாரர்கள் இருவரும் கொடியில் தொங்கும் பளபளத்த உடைகளைப் பார்த்து மயங்கி நிற்கும்போது காலிபன் பதறுகிறான். நேரத்தை வீணாக்கினால் பிராஸ்பெரோ நம்மையெல்லாம் நெற்றி தாழ்ந்த குரங்குகளாக்கிவிடுவான் என்று எச்சரிக்கிறான். குரங்காகிவிடுவோமோ என்று அஞ்சுபவன் குரங்காக இருக்க முடியாது. ஆனால் டார்வினுக்குப் பிறகு இங்கிலாந்து அவனைக் குரங்காகத்தான் பார்த்தது. 1873-இல் டொராண்டோ பேராசிரியர் டேனியல் வில்சன், குரங்குக்கும் மனிதனுக்கும் நடுவே காணாமல்போன கண்ணி காலிபன்தான் என்ற பொருளில் ஒரு புத்தகமே எழுதினார். 1890-களில் அவனை நடித்த ஃபிராங்க் பென்சன், மிருகக்காட்சிசாலையில் குரங்குகளை மணிக்கணக்கில் கவனித்துப் பழகி, வாயில் உண்மையான மீனைக் கவ்விக்கொண்டு மேடையேறினார். எந்த உருவத்துக்கு அந்தப் பாத்திரம் அஞ்சியதோ, அதையே அவனுக்கு மாட்டிவிட்டார்கள்.

தட்டியில் எழுதிய மீன்

எல்லாவற்றுக்கும் மேலே என்னை உட்கார வைத்தது டிரிங்குலோவின் பேச்சு. கல்லூரியில் இதைச் சிரிப்புக் காட்சியாகப் படித்துக் கடந்துபோயிருந்தேன். புயல் வரப்போகிறது. காலிபன் பயந்து தரையில் போர்வையைப் போர்த்திப் படுத்துக்கிடக்கிறான். டிரிங்குலோ வந்து பார்க்கிறான். மனிதனா மீனா, உயிரா பிணமா? மீன்தான், மீன் வாடை அடிக்கிறது, என்கிறான். உடனே அவன் புத்தி எங்கே போகிறது பாருங்கள். நான் மட்டும் இப்போது இங்கிலாந்தில் இருந்து, இந்த மீனைப் படமாக எழுதி வைத்தால் போதும், விடுமுறைக்கு ஊர் சுற்றும் ஒவ்வொரு முட்டாளும் ஒரு வெள்ளிக்காசு கொடுத்துப் பார்ப்பான். நொண்டிப் பிச்சைக்காரனுக்கு ஒரு செல்லாக்காசு போடமாட்டார்கள், செத்த செவ்விந்தியனைப் பார்க்கப் பத்துக் காசு செலவழிப்பார்கள் என்று அவனே சொல்கிறான். பிறகு குனிந்து பார்க்கிறான். கால் மனிதக் கால். துடுப்பு என்று நினைத்தது கை. தொட்டுப் பார்த்தால் உடல் சூடாக இருக்கிறது. இல்லை, இது மீன் இல்லை, இடி விழுந்து கிடக்கும் தீவுக்காரன், என்று தன் கருத்தைத் தானே திருத்திக்கொள்கிறான்.

காலிபனின் முதல் ஓவியம் எங்கே என்று கேட்டால் அருங்காட்சியகங்களைத் தேட வேண்டியதில்லை. அது நாடகத்துக்குள்ளேயே இருக்கிறது. சந்தைக் கொட்டகை வாசலில் தொங்கவிடும் தட்டி அது, காசு பார்க்க எழுதும் படம். அதை நினைத்தவன் கூட அடுத்த நொடியே கையால் தொட்டுப் பார்த்து, நான் நினைத்தது தவறு என்று ஒப்புக்கொள்கிறான். நான் தொட்டுப் பார்க்கவில்லை. பார்த்ததும் பிள்ளைகள் மிரள வேண்டும் என்று கேட்டபோது நான் வரைந்து கொடுத்தது டிரிங்குலோவின் தட்டியைத்தான். செதில், சவ்வு எல்லாம் அதிலிருந்துதான் வந்தன. அன்று மாலை வெகுநேரம் விளக்கைக்கூடப் போடாமல் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

மற்றவர்கள் வரைந்தவை

என்னைப் போலப் பலர் வழுக்கியிருக்கிறார்கள், மிகப் பெரிய கைகள் உட்பட. வில்லியம் ஹோகார்த் 1735-ஐ ஒட்டி வரைந்த எண்ணெய் ஓவியம் யார்க்‌ஷயரில் நோஸ்டெல் மாளிகையில் இருக்கிறது. நடுவில் மிராண்டா அரசி போல அமர்ந்திருக்கிறாள், ஃபெர்டினாண்ட் வணங்குகிறான், மேலே ஏரியல் வாத்தியத்தோடு மிதக்கிறது. ஓரத்தில் விறகுக் கட்டோடு காலிபன். நாடகத்தில் ஃபெர்டினாண்ட் அந்த இடத்துக்கு வருவதற்குச் சற்று முன்பே காலிபன் வெளியே போய்விடுகிறான். இருவரையும் ஒரே சட்டத்துக்குள் நிறுத்தியது ஹோகார்த்தின் சொந்த யோசனை. அழகான இளவரசன் இன்னும் அழகாகத் தெரிய, பக்கத்தில் ஒரு விகாரம் தேவைப்பட்டது. 1789-இல் லண்டனில் திறக்கப்பட்ட பாய்டெல்லின் ஷேக்ஸ்பியர் ஓவியக் கூடத்துக்காக ஹென்றி ஃபியூசெலி வரைந்ததில் உடல் மட்டும் தசை முறுக்கிய வீரனுடையது. வசவுகளுக்கு நடுவே அந்த உடல் எதிர்த்து நிற்கிறது. அதை இரண்டாவது முறை பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பிறகு வந்தது கொடுமை. லண்டனின் பஞ்ச் என்ற நகைச்சுவை இதழில் ஜான் டென்னியல் 1863-இல் வரைந்த கேலிச்சித்திரத்தில் காலிபன் அமெரிக்காவில் விடுதலை பெறும் கறுப்பினத்தவன். அதே டென்னியல் 1870-இல் வரைந்ததில் காலிபன் நிலத்துக்காகப் போராடும் அயர்லாந்துக்காரன், பிரதமர் கிளாட்ஸ்டன் பிராஸ்பெரோ. ஏழே ஆண்டுகளில் அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு அந்த முகம் வந்துவிட்டது. லண்டனுக்கு அந்த வாரம் யாரைக் கண்டு அச்சமோ அவர்களுக்கெல்லாம் அது பொருந்தியது. ஆங்கிலம் படித்து வேலைக்குப் போன வீட்டில் பிறந்தவள் நான். மொழியைக் கற்றுக்கொடுத்தாய், அதில் எனக்குக் கிடைத்த லாபம் சபிக்கத் தெரிந்துகொண்டதுதான் என்று காலிபன் சொல்லும் வரி வகுப்பில் வந்தபோது எங்கள் பெஞ்சில் யாரும் பேசவில்லை. அந்த வரியோடு ஒரு முகத்தை நினைத்துக்கொண்டிருந்தால், அது எங்களில் ஒருவருடைய முகமாகத்தான் இருந்திருக்கும். அப்படியிருந்தும் வரையும் நேரம் வந்தபோது என் கை அந்தத் தட்டியின் பக்கமே போனது.

ஓவியர்களில் ஓதிலோன் ரெதோன் ஒருவரைத்தான் நான் முழுமனதாக ஏற்கிறேன். அவர் 1881-இல் கரியில் வரைந்த காலிபன் ஒரு கிளையில் உட்கார்ந்திருக்கிறது, பெரிய கண்களோடு. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து மறுபடி அதே பாத்திரத்திடம் வந்து, தூங்கும் காலிபனை வண்ணத்தில் வரைந்தார். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் நேரில் பார்த்ததில்லை, நல்ல அச்சில்தான் பார்த்திருக்கிறேன். மரத்தடியில் சாய்ந்து உறங்குகிறான். சுற்றிலும் காற்றில் சிறு சிறு தலைகள் ஒளியோடு மிதக்கின்றன. உருவம் மனிதனா விலங்கா என்று அவர் முடிவு செய்யவில்லை, அது அவருக்கு முக்கியமும் இல்லை. அவர் அவனுடைய கனவுக்குள் நுழைந்து, அங்கிருந்து வரைந்திருக்கிறார். மற்றவர்கள் எல்லாம் வெளியே நின்று அவனைப் பார்த்தார்கள்.

மேடையில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் 1904-இல் லண்டனில் ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ நடித்த காலிபன். ரோமமும் கடற்பாசியுமாக உடை. ஆனால் கடைசிக் காட்சியில் அவர் நாடகத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்தார். எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கப்பல் போகிறது. குகையிலிருந்து காலிபன் தவழ்ந்து வந்து பாறைமேல் நின்று, போகும் கப்பலை நோக்கி மௌனமாகக் கைகளை நீட்டுகிறான். இருட்டுகிறது. தீவு திரும்ப அவனுடையதாகிவிட்டது. இந்தக் காட்சியில் எஜமானை நினைத்து ஏங்கும் அடிமையைப் பார்க்கலாம் என்பது தெரியும், அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனாலும் அவன் பின்னால் நின்று, அவன் பார்ப்பதை நம்மையும் பார்க்க வைத்தாரே, அதற்காக ட்ரீயை விட்டுக்கொடுக்க மாட்டேன். 2009-இல் கேப் டவுனின் பாக்ஸ்டர் அரங்கும் ராயல் ஷேக்ஸ்பியர் நிறுவனமும் சேர்ந்து நடத்திய தயாரிப்பில் ஜான் கானி காலிபனாக வந்தார், வயதில் மூத்த ஒரு கறுப்பின மனிதராக. எதிரே பிராஸ்பெரோவாக ஆன்டனி ஷெர். இருவருமே தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்கள். அங்கே செதிலுக்கு என்ன வேலை?

மிராண்டா

இவ்வளவும் எழுதிவிட்டு நான் ஒளிந்துகொள்ள முடியாத இடம் ஒன்று இருக்கிறது. காலிபன் மிராண்டாவைப் பலவந்தப்படுத்த முயன்றவன். பிராஸ்பெரோ அதைச் சொல்லும்போது அவன் மறுக்கவில்லை. வருந்தவும் இல்லை. நடந்திருந்தால் இந்தத் தீவை காலிபன்களால் நிரப்பியிருப்பேன் என்று கொக்கரிக்கிறான். அவனை அப்பாவிக் காட்டுப்பிள்ளையாக, பெரிய ஈரக் கண்களோடு வரைபவர்களை என்னால் ஏற்க முடியாததற்கு இதுதான் காரணம். அந்தப் படத்தில் மிராண்டா காணாமல் போய்விடுகிறாள். ஒரு பெண்ணாக என்னால் அவளைக் கழித்துவிட்டு அவனைக் கூட்ட முடியாது. ஆனால் கோரைப் பல்லும் அவளைக் காப்பாற்றுவதில்லை. பல்லும் செதிலும் உள்ளவன்தான் இப்படிச் செய்வான் என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுத்தால் அது பொய் மட்டுமில்லை, ஆபத்தும்கூட. இசையைக் கேட்டு அழத் தெரிந்த, மனித முகமுள்ள ஒருவனால் அது நடக்கவிருந்தது என்பதுதான் நாடகம் சொல்லும் கடினமான உண்மை. இரண்டும் ஒரே முகத்தில் இருந்தாக வேண்டும்.

2012 ஜூலை 27 அன்று லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் காலிபனின் அந்த இசை வரிகளை உலகமே கேட்டது. நானும் நம் ஊரில் நள்ளிரவு தாண்டிக் கண்விழித்துப் பார்த்தேன். பேசியவர் கென்னத் பிரானா, பொறியாளர் புரூனெல் வேடத்தில், உயரத் தொப்பியும் சுருட்டுமாக. விழாவுக்கென்று வார்த்த பெரிய மணியிலும் அந்த வரியே பொறிக்கப்பட்டிருந்தது. அப்போது எனக்குச் சிலிர்த்தது. இப்போது நினைத்தால் நெஞ்சில் ஏதோ கனக்கிறது. குரலை எடுத்து மணியில் பொறித்துக்கொண்டார்கள். முகத்தை எடுத்துத் தட்டியில் தொங்கவிட்டுக்கொண்டோம். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வைக்கத்தான் யாருக்கும் கை வரவில்லை.

மண்

பழைய படத்திலிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று, நகங்கள். ஏனென்றால் அதைச் சொன்னவன் காலிபனே. உருவத்தைப் பற்றி அவன் வாயாலேயே வரும் விவரம் என் குறிப்புகளில் அது ஒன்றுதான் கிடைத்தது. ஸ்டெஃபனோவிடம் சொல்கிறான்: காட்டு ஆப்பிள் விளையும் இடத்துக்கு உன்னைக் கூட்டிப்போகிறேன், என் நீண்ட நகங்களால் கிழங்கைத் தோண்டித் தருகிறேன், குருவிக் கூட்டைக் காட்டுகிறேன், குரங்கைக் கண்ணி வைத்துப் பிடிக்கக் கற்றுத்தருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்னால் பிராஸ்பெரோ வந்தபோதும் இதைத்தான் செய்தான். நன்னீர் ஊற்று எது, உப்புக் கிணறு எது, விளையும் நிலம் எது என்று எல்லாவற்றையும் காட்டினான். பதிலுக்குப் பிராஸ்பெரோ அவனைத் தடவிக்கொடுத்து, பழம் போட்ட தண்ணீர் கொடுத்து, பகலில் எரியும் பெரிய விளக்குக்கும் இரவில் எரியும் சிறிய விளக்குக்கும் பெயர் சொல்லிக்கொடுத்தான். விருந்தாளிக்குச் சாப்பாடு தோண்டித்தரும் நகங்கள் அவை. நான் அவற்றைக் கிழிப்பதற்கு வரைந்து வைத்திருந்தேன்.

இப்போது மேசையில் இருக்கும் படத்தில் காலிபன் தரையில் உட்கார்ந்திருக்கிறான். விறகுக் கட்டு பக்கத்தில் கிடக்கிறது. தோளில் கட்டு அழுத்திய தழும்பு. தலை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. முகத்திலும் முன்கையிலும் பிராஸ்பெரோ சொன்ன புள்ளிகள், தேமலைப் போல, வெளிர் பழுப்பில். வாய் மூடியும் மூடாமலும் இருக்கிறது. பின்னால் இரண்டு குடிகாரர்களும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார்கள். கண்ணை மட்டும் பதினோரு முறை அழித்துவிட்டேன். அதில் இசையும் தெரிய வேண்டும், சற்று முன்பு கொலைக்குத் திட்டமிட்டதும் மறையக் கூடாது, மிராண்டாவைப் பற்றிக் கொக்கரித்ததும் மறையக் கூடாது. அடுத்த வாரம் படத்தைக் கொடுத்தாக வேண்டும். பதிப்பகத்துக்காரரிடம் போனில் சொன்னேன், இந்த முறை பிள்ளைகள் மிரளாமல் போகலாம் என்று. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வரைந்து முடியுங்கள் அம்மா, பார்க்கலாம் என்றார். கண்ணை அப்படியே விட்டுவிட்டு இன்று நகங்களுக்கு வந்தேன். மிக மெல்லிய நிப்பை எடுத்து, ஒவ்வொரு நகத்தின் அடியிலும் கொஞ்சம் ஈர மண்ணை வைத்துக்கொண்டிருக்கிறேன். எட்டு விரல் முடிந்திருக்கிறது.